தாயம் விழாத மகள், பணம் தீராத டிரேடு: வீட்டு விதி போடுவது எப்படி?

கேள்வி: கோடை விடுமுறைக்கு மாமியார் வந்திருக்கிறார். மதியச் சாப்பாடு முடிந்து வெயில் தாழும் வரை தாயம், டிரேடு (இடங்களை வாங்கி வாடகை வசூலிக்கும் பலகை ஆட்டம்) என்று எல்லோரும் உட்கார்கிறோம். மாமியார் ஊர்த் தாயத்துக்கு ஒரு விதி, எங்கள் அம்மா வீட்டுத் தாயத்துக்கு ஒரு விதி. டிரேடில் என் கணவர் அபராதப் பணத்தையெல்லாம் பலகை நடுவில் போட்டு வைத்து, ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்கு வருபவருக்கு அள்ளிக் கொடுக்கிறார். மூன்று மணி நேரமானாலும் ஆட்டம் முடிவதில்லை. 12 வயது மகன் பெட்டியில் இருக்கும் விதித் தாளைக் கொண்டுவந்து "இதுல அப்படி இல்ல" என்று சண்டை போடுகிறான். 7 வயது மகளுக்குத் தாயமே விழாது. விழுந்தாலும் வெட்டுப்பட்டு அழுகிறாள். வீட்டுக்கென்று விதி போட்டுக்கொள்ளலாமா? போட்டால் அது அழுகுணி ஆட்டம் ஆகிவிடாதா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் மகன் கையில் இருக்கும் தாளிலிருந்தே தொடங்குகிறேன், அவன்தான் முதலில் சமாதானமாக வேண்டிய ஆள். ஊனோ சீட்டு உங்கள் வீட்டில் இருக்கிறதா? அது பிறந்ததே ஒரு வீட்டு விதிச் சண்டையில்தான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநர், 'கிரேசி எய்ட்ஸ்' என்ற சீட்டாட்டத்தின் விதியைப் பற்றித் தன் மகனோடு வாதாடி, கடைசியில் தானே ஓர் ஆட்டத்தை உண்டாக்கினார். அது 1971. அதே ஊனோவில், அடுத்தவரை இரண்டு சீட்டு எடுக்க வைக்கும் பிளஸ் 2 சீட்டை ஒருவர் போட்டால், அதன் மேல் அடுத்தவர் இன்னொரு பிளஸ் 2 போட்டுத் தண்டனையைத் தள்ளிவிடலாம் என்று ஊரெல்லாம் ஆடுகிறார்கள். அப்படித் தண்டனைச் சீட்டின் மேல் சீட்டு அடுக்கக்கூடாது என்று 2019-ல் ஊனோவின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கிலிருந்தே அறிவித்தார்கள். யார் கேட்டார்கள்?

தாயத்துக்கோ தாளே கிடையாது. பல்லாங்குழியில் குழிக்கு 5 என்று 70 முத்துப் போடுகிற வீடும் உண்டு, 6 என்று 84 போடுகிற வீடும் உண்டு. இரண்டும் சரிதான். ஆகவே 'எது உண்மையான விதி' என்ற கேள்வியை மாமியாரோடு விவாதிக்காதீர்கள். அதில் நீங்கள் ஜெயிக்கப்போவதும் இல்லை. 'இந்த விடுமுறைக்கு நம் வீட்டில் எது' என்று மட்டும் கேளுங்கள்.

நான் கணக்கு வாத்தியார். கோடையில் எங்கள் தெருப் பிள்ளைகளை மொட்டைமாடி நிழலில் உட்கார வைத்து இந்த ஆட்டங்களை ஆட விடுவது பல வருஷப் பழக்கம். அதில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வீட்டு விதிகளில் பாதிக்கு மேல் தோற்பவர் மேல் இரக்கப்பட்டுப் போடுபவை. அந்த விதிகள் பெரும்பாலும் தோற்பவருக்கே எதிராக வேலை செய்கின்றன. உங்கள் கணவரின் டிரேடு விதி அதற்கு முதல்தரமான உதாரணம்.

டிரேடு, பிசினஸ் என்று நம் கடைகளில் கிடைப்பதெல்லாம் மோனோபோலியின் உள்ளூர் வடிவங்கள். கம்பெனிக்குக் கம்பெனி தாள் மாறும். மூலத்தின் வேர் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-ல் காப்புரிமை பெற்ற ஆட்டம். நிலத்தை வளைத்துப் போட்டவன் வாடகையால் எப்படிக் கொழுக்கிறான், மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆகிறார்கள் என்று காட்டத்தான் அதை அவர் செய்தார். அதாவது ஒருவரைத் தவிர மற்ற எல்லோர் கையிலும் காசு தீர்ந்தால்தான் இந்த ஆட்டம் முடியும். உங்கள் கணவர் நடுவில் பணத்தைச் சேர்த்து வைத்துத் திரும்பக் கொடுக்கும்போது, தீர வேண்டிய காசு தீராமல் போகிறது. திவாலாக இருந்தவருக்கு இன்னும் அரை மணி நேரம் உயிர் வருகிறது, ஆனால் ஜெயிக்கும் வழி வருவதில்லை. ஊரெல்லாம் அடுத்தவருக்குச் சொந்தமாக இருக்கும்போது கையில் ஆயிரம் ரூபாய் இருந்து என்ன பயன்? அதுவும் வாடகையாகத்தான் போகும். மோனோபோலியின் அச்சிட்ட விதியில் 'ஃப்ரீ பார்க்கிங்' கட்டத்துக்கு வந்தால் எதுவுமே கிடைக்காது. அது சும்மா இளைப்பாறும் இடம்.

அதே அச்சிட்ட விதியில் நம்மவர்கள் கண்டுகொள்ளாத ஒன்று இருக்கிறது: ஏலம். ஒரு இடத்துக்கு வந்தவர் அதை வாங்காவிட்டால், வங்கி அந்த நிமிடமே அதை ஏலம் விட வேண்டும். விலை எவ்வளவிலிருந்தும் தொடங்கலாம், வேண்டாம் என்று சொன்னவரும் கேட்கலாம். ஏலம் இல்லாத வீடுகளில் ஒரு இடம் விற்க மூன்று நான்கு சுற்று ஆகிறது. ஏலம் இருந்தால் இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும், ஆட்டம் சூடு பிடிக்கும். உங்கள் டிரேடு தாளில் ஏலம் இல்லையென்றால் அதை வீட்டு விதியாகச் சேருங்கள். மகளை ஏலக்காரராக்குங்கள். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கரண்டியால் தட்டில் தட்டச் சொல்லுங்கள். வாடகைக் கணக்குப் புரியாத 7 வயதுப் பிள்ளை அந்த வேலையை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். இன்னொன்று, முடிவு நேரம். 4 மணிக்குத் தொடங்கினால் 5.30-க்கு மணி அடிக்கும், அப்போது கையிருப்பையும் சொத்துகளில் அச்சிட்ட விலையையும் கூட்டிப் பார்த்து யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கணவருக்கு அந்த நடுப்பணம் பிடித்திருக்கிறது என்றால் அதை முழுக்கப் பிடுங்கவும் வேண்டாம். அதிகபட்சம் இவ்வளவு என்று ஒரு வரம்பு வையுங்கள், மேலே சேர்வது வங்கிக்கு.

சரி, தாயத்துக்கு வருவோம். இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

உங்கள் மகளுக்குத் தாயமே விழவில்லை என்பதில் அவள் ராசியைக் குறை சொல்லாதீர்கள். பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். வழக்கமான கட்டை என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில், காயைப் பலகையில் இறக்கத் தேவையான தாயம், அதாவது ஒன்றில் புள்ளி ஒன்றும் மற்றதில் வெறுமையும், 2 விதத்தில்தான் விழும். எட்டில் ஒரு வாய்ப்பு. ஐந்தும் அதே போல 2 விதம். ஆறு ஒரே விதம், இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டும் ஒரே விதம்.

எட்டில் ஒன்று என்றால் எட்டு தடவை போட்டால் விழுந்துவிடும் என்று நினைப்போம். விழாது. தாயம் போடாதவருக்கு 5, 6, 12-க்கு மறு ஆட்டம் கிடையாது என்று ஆடும் வீட்டில், எட்டு சுற்று போன பிறகும் ஒருவர் வெளியிலேயே உட்கார்ந்திருக்க 100-க்கு 34 வாய்ப்பு உண்டு. நாலு பேர் ஆடுகிறீர்கள் என்றால், எட்டாவது சுற்று முடிவில் குறைந்தது ஒருவராவது காயை இறக்காமல் இருப்பது ஏறக்குறைய ஐந்து ஆட்டத்தில் நாலு ஆட்டத்தில் நடக்கும். அந்த ஒருவர் மாமியாராக இருந்தால் வெற்றிலையை மடித்தபடி காத்திருப்பார். 7 வயதுக் குழந்தை என்ன செய்யும்?

இதற்கு ஒரு சின்ன விதி போதும்: தாயம் விழுந்தாலும் காய் இறக்கலாம், ஐந்து விழுந்தாலும் இறக்கலாம். அது முதல் காய்க்கு மட்டும்தான், அடுத்த காய்களுக்குத் தாயமே வேண்டும். வாய்ப்பு நாலில் ஒன்றாகிவிடும். எட்டு சுற்றுக்குப் பிறகும் வெளியே இருப்பவர் பத்தில் ஒருவர்தான். இந்த விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். மகளுக்கு மட்டும் என்று வைத்தால் அண்ணன் சொல்லிக் காட்டுவான்.

வெட்டுக்கு வருகிறேன். ஒரு கோடையில் நானே ஒரு தப்புச் செய்தேன். 8 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் காயை யாரும் வெட்டக்கூடாது என்று மாடியில் அறிவித்தேன். முதல் நாள் பெரியவர்களுக்கு நிம்மதி. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை தன் காயை எங்கே வேண்டுமானாலும் உலாத்த விட்டாள், மலைக் கட்டத்தை (காயை வெட்ட முடியாத, பெருக்கல் குறி போட்ட கட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெட்ட வேறு ஆள் இல்லாததால் மற்ற இரண்டு பையன்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டே கிடந்தார்கள். நாலாம் நாள் அவள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "தாத்தா, என்னை ஏன் யாருமே வெட்ட மாட்டேங்கறாங்க?" என்றாள். ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதைக் குழந்தைகள் நம்மை விடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

வெட்டை எடுத்துவிட்டால் தாயம் வெறும் நடைப்பயணம். ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம் என்ற விதி உங்கள் மாமியார் ஊருடையது என்றால் அதையும் அப்படியே விடுங்கள். அது இல்லாவிட்டால் எல்லோரும் மலைக்கு மலை தாவி, ஒருவரையொருவர் சீண்டாமல் காயை நடுவில் சேர்த்துப் பழம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மகள் எதற்கு அழுகிறாள் என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காய் வெட்டுப்பட்டதற்கா, வெட்டுப்பட்ட பிறகு மறுபடி தாயத்துக்காகக் காத்துக் கிடப்பதற்கா? என் அனுபவத்தில் இரண்டாவதுதான். எனவே வெட்டுப்பட்ட காய் பலகைக்கு வெளியே போகாமல், அவரவர் மனையிலேயே, அதாவது காய் இறங்கும் முதல் கட்டத்திலேயே திரும்ப உட்காரட்டும். நடந்த தூரம் போச்சு, ஆனால் அடுத்த ஆட்டத்திலேயே நகரலாம். வெட்டியவருக்குக் கிடைக்கும் மறு ஆட்டம் வழக்கம்போல உண்டு. மாமியார் இதைச் சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார். முதலில் அவர் விதிப்படி ஓர் ஆட்டம், பிறகு இந்த விதிப்படி ஓர் ஆட்டம் என்று கேட்டுப் பாருங்கள்.

வயசு வித்தியாசத்துக்குச் சலுகை தரவே கூடாதா என்றால், தரலாம். ஆட்டம் தொடங்கும் முன், எல்லோர் கண்ணெதிரிலும் தர வேண்டும். சதுரங்கத்தில் நான் என் ராணியை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் சின்னவர்களோடு உட்காருவேன். பிள்ளை ஜெயிக்க ஆரம்பித்தால் ராணிக்குப் பதில் யானை ஒன்றை எடுப்பேன், அப்புறம் ஒரு குதிரை. அவள் எவ்வளவு முன்னேறியிருக்கிறாள் என்பது பெட்டிக்குள் இருக்கும் காயைப் பார்த்தாலே தெரியும். தாயத்தில் ஒரு காய் ஏற்கெனவே இறங்கிய நிலையில் மகள் தொடங்கட்டும். ஆட்டத்தின் நடுவில் பெரியவர்கள் வேண்டுமென்றே தப்பாக ஆடித் தோற்பதை மட்டும் விட்டுவிடுங்கள். 12 வயதுக்காரனுக்கு அது உடனே தெரியும், "போங்கு ஆட்டம்" என்பான். அவன் சொல்வதும் நியாயம்தான்.

கேரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ரெட்டுக்கு ஃபாலோ உண்டா (சிவப்புக் காயைப் போட்டபின் இன்னொரு காயும் போட வேண்டுமா), மைனஸ் போனால் (ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால்) எத்தனை காய் வைக்க வேண்டும் என்பதை மட்டும் பவுடர் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேரம் சண்டையில் முக்கால்வாசி அந்த இரண்டில்தான் கிளம்புகிறது.

விதிகளை எழுதி வையுங்கள். பெட்டி மூடியின் உள்பக்கத்தில், பென்சிலால், தேதியோடு. எழுதும் வேலை மகனுக்கு. தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவனிடமே தாளை எழுதக் கொடுத்துவிட்டால் அவனே காவல்காரன். ஒரு சமயத்தில் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள், மூன்று ஆட்டமாவது ஆடிப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம். எந்த மாற்றமும் அடுத்த ஆட்டத்திலிருந்துதான். நடு ஆட்டத்தில், அதுவும் தோற்றுக்கொண்டிருப்பவர் கொண்டுவரும் திருத்தத்தை ஏற்கவே கூடாது. அது எவ்வளவு நல்ல திருத்தமாக இருந்தாலும் சரி. விதியில் இல்லாத சிக்கல் ஒன்று முளைத்தால் பூவா தலையா போட்டு அந்த ஆட்டத்தை முடித்துவிட்டு, காப்பி குடிக்கும்போது பேசி மூடியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படி முளைக்கும் சிக்கல்களில் முதலாவது எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: கட்டை கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடும், பையன் தலையை நீட்டிப் பார்த்து "தாயம்!" என்பான். எங்கள் ஆச்சி சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போடும்போதே பலகையைச் சுற்றி ஒரு பெரிய வட்டமும் போட்டுவிடுவார். வட்டத்துக்குள் விழுந்தது கணக்கு, வெளியே போனால் மறுபடி போட வேண்டும், சுவரில் சாய்ந்து நின்றாலும் மறுபடி. ஒரு கட்டை உள்ளே, ஒரு கட்டை வெளியே என்றால் ஓடிப்போன கட்டையை மட்டும் எடுத்துப் போடலாம் என்பது ஆச்சியின் தீர்ப்பு. உங்கள் மாமியார் ஊரில் அதற்கு என்ன வழக்கம் என்று கேட்டுவிட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.