லெனின்கிராட் பட்டினிக்குப் பின்லாந்தும் பொறுப்பா?

கேள்வி: என் மகள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் ‘லெனின்கிராட் மக்களின் பட்டினிச் சாவுக்குப் பின்லாந்தும் பொறுப்பு’ என்ற அணியில் பேசுகிறாள். சிலர் பின்லாந்துதான் நகரத்தைக் காப்பாற்றியது என்கிறார்கள். சிலர் அது ஹிட்லரின் கூட்டாளி என்கிறார்கள். எதைப் பிடித்துப் பேசுவது?

பதில்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை சோவியத் நகரமான லெனின்கிராட்டை (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) முற்றுகையிட்டபோது நடந்த பட்டினி இது. பின்லாந்து நகரத்தைத் தாக்கியதா என்பது ஒரு கேள்வி. நகரத்தின் வழியை அடைத்ததா என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் இந்த வாதம் முடிவதே இல்லை.

மேடை ஏறும் முன் ஒரு வரைபடத்தை எடுத்துவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் நான் இதை வரைபடம் இல்லாமல் தொடங்குவதே இல்லை. நகரத்துக்கு மேற்கே கடல், கிழக்கே லடோகா ஏரி. தெற்கிலிருந்து வந்த ஜெர்மன் படை 1941 செப்டம்பர் 8 அன்று ஏரிக்கரையில் உள்ள ஷ்லிசெல்பர்க்கைப் பிடித்ததும் அந்தப் பக்கத் தரைவழி முடிந்தது. வடக்கே, நகரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், பின்லாந்துப் படை நின்றது. ஜெர்மானியர் வராவிட்டால் முற்றுகையே இல்லை, சரி. வடக்கே அந்தப் படை நிற்காவிட்டால் வட்டம் மூடியிருக்காது என்பதும் அதே அளவு உண்மை.

எதிரணி மானர்ஹெய்மைக் கொண்டுவரும். கொண்டுவரட்டும், அதில் நியாயம் உண்டு. நகரத்தைத் தாக்கும்படி ஜெர்மானியர் கேட்டபோது பின்லாந்தின் அந்தத் தளபதி மறுத்தார். நகரத்துக்கு வடக்கே, கடலுக்கும் லடோகா ஏரிக்கும் நடுவே உள்ள கரேலிய நிலஇடுக்கில் அவர் படை பெரும்பாலும் 1939 எல்லைக்கு அருகிலேயே நின்றுவிட்டது. 1941 நவம்பரில் ஜெர்மானியர் நகரத்துக்குக் கிழக்கே உள்ள திக்வின் ஊரைப் பிடித்து, லடோகா ஏரிக்குக் கிழக்கே ஸ்விர் ஆற்றில் நின்ற பின்லாந்துப் படையோடு கைகோக்கப் பார்த்தார்கள். நடந்திருந்தால் நகரத்துக்கு உணவு வந்த ஏரி வழியும் போயிருக்கும். பின்லாந்துப் படை ஸ்விரைத் தாண்டி அவர்களை நோக்கிப் பெரிதாக முன்னேறவில்லை. டிசம்பரில் சோவியத் படை திக்வினை மீட்டது. இவற்றை உங்கள் மகள் தானாகவே ஒப்புக்கொண்டால் அவள் பேச்சுக்குப் பலம் கூடும்.

அப்புறம் அவள் கேட்க வேண்டியது: அந்தப் படை ஸ்விர் ஆற்றில் என்ன செய்துகொண்டிருந்தது? அது பழைய எல்லைக்கு வெகு கிழக்கே இருக்கிறது. 1939 நவம்பரில் ஸ்டாலின் படையெடுத்ததில் பின்லாந்து ஏறக்குறைய 25,000 வீரர்களையும் கரேலிய நிலத்தையும் இழந்தது; 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வந்தார்கள். 37 லட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த நாடு அது. இழந்த மண்ணை மீட்கப் போனதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஸ்விர் அவர்கள் இழந்த மண் அல்ல. அங்கே போனதில் வடக்குத் துறைமுகமான முர்மான்ஸ்க்குக்குப் போகும் ரயில் பாதையும் அறுந்தது. சிறிய நாடு, வேறு வழியில்லை என்ற வாதம் பழைய எல்லை வரைக்கும்தான் செல்லும் என்பது என் கருத்து. ஜெர்மன் தானியம் இல்லாமல் பின்லாந்தே பட்டினி கிடந்திருக்கும் என்ற நெருக்கடி உண்மைதான். அதற்காகப் பழைய எல்லைக்கு அப்பால் இருந்த சோவியத் பகுதியான கிழக்குக் கரேலியாவைப் பிடித்திருக்க வேண்டியதில்லை.

பிடித்த பிறகு அங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியின் தலைநகரான பெட்ரோசவோட்ஸ்க் முதலிய இடங்களில் ரஷ்யக் குடும்பங்களை முகாம்களில் அடைத்தார்கள். ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 24,000 பேர்; பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 4,000க்கும் மேற்பட்டோர் பசியிலும் நோயிலும் இறந்தார்கள், அதிலும் 1942இல்தான் மிக அதிகம். இந்தச் சாவுகளுக்கு ஜெர்மானியரைக் கைகாட்ட முடியாது. நகரத்தைக் காப்பாற்றினார்கள் என்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

பேச்சை எங்கே தொடங்குவது என்று கேட்டால், ரொட்டியில் தொடங்கச் சொல்வேன். 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை லெனின்கிராட்டில் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் மாவு பாதி, கலப்படம் பாதி. உறைந்த ஏரியின் மேல் லாரிகள் கொண்டுவந்த உணவுதான் மிச்சம் இருந்தவர்களைப் பிழைக்க வைத்தது. முற்றுகை 1944 ஜனவரி 27 வரை நீடித்தது. இறந்தவர் கணக்கை 6 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கு மேல் என்று வரம்பாகவே சொல்லட்டும். ஒற்றை எண் சொன்னால் எதிரணி அதைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. 1939–40 போரில் தாக்கப்பட்ட நாடு பின்லாந்து. 1941 ஜூனில் தொடங்கிய போர் வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: பனிக்காலப் போர், தொடர்ச்சிப் போர். மேடையில் பதற்றத்தில் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.