தங்கையின் சங்கிலியும் ராக் இசைக்குழுவும்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நால்வரின் ராக் இசைக்குழுவுக்கு மூன்று ஆண்டுகளாக மேலாளராக இருக்கிறேன். இதற்காக வேலையையும் விட்டுவிட்டேன். முதல் ஆல்பத்தை நானே தயாரிக்கிறேன். ஸ்டுடியோ செலவுக்குத் தங்கையின் சங்கிலியை அடகு வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸை வளர்த்தெடுத்த சாஸ் சாண்ட்லரைப் போல இரண்டு பொறுப்புகளையும் நானே வகிக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: தம்பி, உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். அதில் மைக், மிக்ஸிங் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய நீங்கள், தங்கைக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வரி. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்கள்; அவளிடம் முறையாகக் கேட்டீர்களா என்று சொல்லவில்லை. வேலையை விட்ட அண்ணன் எதிரில் வந்து நிற்கும்போது வாய் திறக்காமல் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த பெண்களும் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அவர்களில் ஒருத்திகூட அதை மனமொப்பிக் கொடுத்ததாக எழுதியதில்லை. பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய சொத்து. தங்கைக்குச் செய்ய வேண்டிய இடத்தில் இருப்பவன் அண்ணன் என்பதைப் பழைய காலத்துப் பேச்சு என்பார்கள். நான் அதில் உறுதியாகவே இருக்கிறேன்.

சாண்ட்லரை முன்மாதிரியாகச் சொல்கிறீர்கள். பிரிட்டனின் தி அனிமல்ஸ் என்ற ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த அவர், 1966-இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் ஹெண்ட்ரிக்ஸின் வாசிப்பைக் கேட்டு வியந்து, அந்த செப்டம்பரிலேயே அவரை லண்டனுக்கு அழைத்து வந்தார். பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர் விற்றது தன்னுடைய பேஸ் கிட்டார்களை. முயற்சி தோற்றிருந்தால் போயிருக்கக்கூடியது அவர் உழைத்துச் சேர்த்த பொருள்தான். நீங்கள் பணயம் வைத்திருப்பது யாருடைய பொருளை?

இரண்டு பொறுப்புகளையும் ஒருவரே வகிக்க முடியும். 1967-இல் வெளிவந்த ஹெண்ட்ரிக்ஸின் முதல் இரண்டு ஆல்பங்களையும் தயாரித்தவர் சாண்ட்லர். மூன்றாவது ஆல்பத்தின்போது ஒரே பாடலை ஓயாமல் திரும்பத் திரும்பப் பதிவு செய்வதும், ஸ்டுடியோவில் வேண்டாத கூட்டம் சேர்வதும் பொறுக்காமல் 1968-இல் விலகிவிட்டார். பிறகு ஸ்லேட் குழுவுக்கு மேலாளராகவும் தயாரிப்பாளராகவும் இருந்து, பிரிட்டனில் அவர்களுடைய ஆறு பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுசென்றார். ஆனால் ஸ்டுடியோ செலவு ஏன் ஏறுகிறது என்று தயாரிப்பாளரைக் கேட்க வேண்டியவர் மேலாளர். இருவரும் ஒருவரே என்றால் அந்த நால்வருக்காகக் கேட்க ஆளில்லை. ஆகவே மேலாளர் என்ற முறையில் உங்கள் பங்கு என்ன (வழக்கமாக 15 முதல் 20 சதவீதம்), தயாரிப்பாளர் என்ற முறையில் என்ன என்பதைத் தனித்தனியாக எழுதி, அவர்கள் தேர்ந்தெடுக்கும் வழக்கறிஞரிடம் காட்டிய பின் கையெழுத்து வாங்குங்கள். தி அனிமல்ஸின் 1964-ஆம் ஆண்டுப் பெருவெற்றிப் பாடலில் இசைக்கோர்வை செய்தவராக ஐவரில் ஒருவர் பெயர் மட்டும் பதிவானதால், அந்த உரிமைத்தொகை முழுவதும் அவருக்கே போயிற்று. சாண்ட்லர் மற்ற நால்வரில் ஒருவர்.

அதற்கு முன்னால் அடகுச் சீட்டைத் தங்கையின் கையில் கொடுத்து, வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது, கெடு என்றைக்கு முடிகிறது என்பதை அவள் முகம் பார்த்துச் சொல்லுங்கள். இந்த மாதமே ஒரு வேலையில் சேருங்கள். ஆல்பம் ஓராண்டு தள்ளிப்போனாலும் போகட்டும். சங்கிலியை மீட்டுக் கொடுக்கும் வரை ஸ்டுடியோவுக்கு இன்னொரு முன்பணம் கட்டாதீர்கள்.