‘அழுதேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

தம்பி, நீ விட்டுப்போன நோட்டை நேற்று இரவு உட்கார்ந்து புரட்டினேன். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்காக ஆங்கில மரபுத்தொடர்களை அகர வரிசையில் எழுதி மனப்பாடம் செய்கிறாய். ‘ஆன் த ஹவுஸ்’ என்பதற்கு எதிரே ‘வீட்டின் மேல்’ என்று பென்சிலால் எழுதி, பிறகு அடித்திருக்கிறாய். டீக்கடை அண்ணன் “காசு வேண்டாம், இது நம்ம கணக்கு” என்கிறாரே, அதுதான் ஆன் த ஹவுஸ். “தமிழ்வழியில் படித்ததால்தான் தடுமாறுகிறேன்” என்று நீ சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பகுதிக்குத் தமிழ் உனக்குப் பெரிய துணை.

பணம் பற்றிய தொடர் வந்தால் இரண்டைப் பார்: யார் கையிலிருந்து போகிறது, எந்த மனசோடு போகிறது. ‘கஃப் அப்’, ‘ஃபோர்க் அவுட்’ இரண்டும் மனசில்லாமல் கொடுப்பது. “ஹெல்மெட் போடாம போய் ஆயிரம் ரூபா அழுதேன்” என்கிறோமே, அந்த ‘அழுதேன்’தான். ‘பே த்ரூ த நோஸ்’ என்றால் கொள்ளை விலை கொடுப்பது; தீபாவளிக்கு முந்தின நாள் ஆம்னி பஸ் டிக்கெட் எடுத்தவரைக் கேள். மூக்கை அறுத்து வரி வாங்கிய கதை ஒன்றைச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, விட்டுவிடு. ‘ஃபுட் த பில்’ என்பது, பெரும்பாலும் மற்றவர்களுக்கும் சேர்த்து, மொத்தச் செலவையும் ஒருவரே ஏற்பது. கணக்கைக் கூட்டி அடியில் தொகை போடுவதிலிருந்து வந்த பேச்சு அது. அவரவர் பங்கை அவரவர் கொடுத்தால் ‘கோ டச்’. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

சிலவற்றுக்குப் புதிதாகப் படிக்கவே வேண்டாம். ‘பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்’ என்பதற்கு உன் பாட்டியே பொருள் சொல்வார்: கடுகு போற இடம் ஆராய்வார், பூசணிக்காய் போற இடம் தெரியாது. ‘கட் யுவர் கோட் அகார்டிங் டு யுவர் க்ளாத்’ விரலுக்குத் தக்க வீக்கம். ‘ஹேண்ட் டு மவுத்’ கைக்கும் வாய்க்குமான பிழைப்பு. நோட்டில் அகராதி விளக்கத்தை அடித்துவிட்டு இவற்றை எழுது.

‘பே’ வந்தாலே பணம் என்று நினைத்துவிடாதே. ‘பே லிப் சர்வீஸ்’ உதட்டளவில் ஆதரிப்பது. ‘பே ஆஃப்’ கடனை முழுக்க அடைப்பது. உழைப்பு பலன் தந்தாலும் அதே சொல்தான். வங்கித் தேர்வும் எழுதப்போகிறாய் என்பதால் ‘ரைட் ஆஃப்’ பற்றி ஒரு வார்த்தை. செய்தியில் இதைத் ‘தள்ளுபடி’ என்று எழுதும்போது கடனே போய்விட்டதாகத் தோன்றும். அப்படியில்லை. வராத கடனை வங்கி தன் கணக்கேட்டிலிருந்து நீக்குகிறது, அவ்வளவுதான். வாங்கியவர் கடனாளியாகவே இருக்கிறார், வசூலும் தொடரலாம். கடனையே விட்டுக்கொடுப்பது ‘வெய்வர்’. நேர்முகத்தில் கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகும் இது தேவைப்படும். என்னிடம் ஆலோசனை பெற்ற ஒரு பெண்ணின் பணி ஆணையில், ‘அவுட் ஆஃப் பாக்கெட்’ செலவுகள் ‘ரீஇம்பர்ஸ்’ செய்யப்படும் என்றிருந்தது. முதலில் நம் கைக்காசைப் போட்டு, ரசீது கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும் என்று அர்த்தம். அது அவளுக்குப் புரியவில்லை. மூன்று வாரம் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் அலைந்தவள் ஒரு ரசீதையும் எடுத்து வைக்கவில்லை. அந்தப் பணம் அவளுக்கு வரவே இல்லை.

சி.ஜி.எல். முதல் கட்டத்தில் ஆங்கிலம் 25 கேள்வி, 50 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். மரபுத்தொடர் அதில் ஒரு சிறு பங்குதான், அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல். சனிக்கிழமை வரும்போது ‘கடன்’ தொடர்பான பத்துத் தொடரை மட்டும், ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் பேசுகிற ஒரு வாக்கியத்தோடு எழுதிக் கொண்டுவா.