செம்பருத்தியை ஓவியம்போல் படமெடுக்க

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். அம்மா வளர்க்கும் செம்பருத்தி, இட்லிப்பூ, சங்குப்பூவைப் பழைய டச்சு ஓவியங்களைப்போல் படமெடுக்க ஆசை. என்னிடம் கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் உள்ளன. செம்பருத்தி பிளாஸ்டிக் பூபோல் வருகிறது. பின்னால் வேலியும் கொடியில் காயும் துணியும் தெரிகின்றன. செயலியில் ஓவிய ஃபில்டர் போட்டும் சரிவரவில்லை. புது லென்ஸ் வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள். 50 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் 35 முதல் 45 செ.மீ. வரை நெருங்கும். உள்ளங்கை அகலச் செம்பருத்திக்கு அதுவே தாராளம். குறை லென்ஸில் இல்லை, வெளிச்சத்தில்தான். டச்சு ஓவியர் ரேச்சல் ரூய்ஷ் (1664–1750) வரைந்த பூங்கொத்துகளைப் பாருங்கள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும், மறுபக்கத்து இதழ்கள் இருட்டில் கரையும். உங்கள் வாசலிலோ வானம், சிமெண்டுத் தரை, சுவர் என எல்லாப் பக்கமும் வெளிச்சம். பூவில் நிழலே விழாததால் படம் தட்டையாகிறது. நிழல் இல்லாத படத்தில் எந்த ஃபில்டரும் நிழலை உண்டாக்காது, இதழின் நரம்புகளைத்தான் அழிக்கும்.

பூவை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். வெயில் நேராக விழாத ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றை மூடுங்கள். டியூப் லைட்டை அணையுங்கள், இல்லாவிட்டால் நிழலில் பச்சைச் சாயல் ஏறும். காற்றாடியையும் நிறுத்துங்கள். ஜன்னல் பூவுக்கு இடப்புறம், அரை மீட்டர் தள்ளி இருக்கட்டும். பின்னணிக்கு ஜவுளிக்கடையில் கறுப்பு வெல்வெட் ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். கறுப்புப் பருத்தித் துணி வெளிச்சத்தைத் திருப்பியனுப்பிச் சாம்பலாகத் தெரியும். வெல்வெட்டைப் பூவுக்கு 1 மீட்டர் பின்னால் தொங்கவிடுங்கள். அப்படியும் வெளுத்தால், ஜன்னல் வெளிச்சம் துணிமேல் படாதபடி இடையில் ஓர் அட்டையை நிறுத்துங்கள். வலப்புறம் 60 செ.மீ. தள்ளி வெள்ளை மணிலா அட்டை வையுங்கள். அதை நெருக்கினால் நிழல் தெளியும், விலக்கினால் அடர்த்தியாகும். இந்த அட்டையோடுதான் நிறைய நேரம் செலவிட வேண்டும்; படத்தின் உயிர் அந்த நிழலில் இருக்கிறது.

கேமராவை முக்காலியில் பொருத்தி ரா வடிவம் (கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப்/8, பகல் வெளிச்ச வெள்ளைச் சமன், 2 வினாடி டைமர் என்று வையுங்கள். ஷட்டர் 1 வினாடிவரை நீண்டாலும் பயமில்லை, பூ அசையாது.

பிளாஸ்டிக் தோற்றத்துக்குக் காரணம் சிவப்பு நிறம் நிரம்பி வழிவதுதான். கறுப்புப் பின்னணியைக் கண்டதும் கேமரா வெளிச்சத்தைத் தேவைக்கு மேல் கூட்டிவிடும். பச்சையும் நீலமும் அளவோடு நிற்க, சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டு இதழின் மடிப்புகள் மறையும். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் பொது ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் இது தெரியாது. மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −1இல் தொடங்குங்கள். சிவப்பு இன்னும் வலது ஓரத்தை முட்டினால் −2வரை இறக்குங்கள்.

செம்பருத்தி ஒருநாள் பூ. காலை 8 மணிக்குப் பறித்தால் தண்ணீர் இல்லாமலும் விரிந்தே இருக்கும், மாலையில் சுருங்கிவிடும். மதியத்துக்குள் எடுத்து முடியுங்கள்.

டச்சு ஓவியர்கள் வெவ்வேறு பருவத்துப் பூக்களை ஒரே ஜாடியில் வரைந்தார்கள். நீங்களும் ஒவ்வொரு பூவையும் மலரும் நாளில் எடுத்துப் பிறகு கணினியில் ஒன்றாக அடுக்கலாம். முக்காலி, ஜன்னல், அட்டை எதுவும் இடம் மாறக்கூடாது. ஒரு பூவின் நிழல் மட்டும் எதிர்ப்பக்கம் விழுந்தாலும் ஒட்டு வேலை தெரிந்துவிடும்.

செடியிலேயே எடுப்பதானால் மழை ஓய்ந்த மேகமூட்டமான நேரம் நல்லது. லென்ஸின் முன்னால் மாட்டும் வட்ட போலரைசர் என்ற வடிகட்டி ஈர இலையின் பளபளப்பை நீக்கிப் பச்சையை ஆழமாக்கும். ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் விழுங்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). ஏர்கான் அறையிலிருந்து வந்ததும் லென்ஸ் பனிக்கும். கேமராவைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் 40–50 சதவீத ஈரப்பதம் காட்டும் உலர்பெட்டியில் வையுங்கள்.

அச்சிடப் பளபளப்பில்லாத பருத்தித் தாள் பொருந்தும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஏ3 அளவுக்கு 3508 × 4961 பிக்சல் வேண்டும். அந்தத் தாளில் கறுப்பு சற்று வெளிறும், இருண்ட இலைகள் கலந்து ஒன்றாகிவிடும். நிழல் பகுதிகளைக் கொஞ்சம் தூக்கி, முதலில் ஏ4இல் ஒரு சோதனைப் பிரதி எடுத்துப் பாருங்கள்.