95 லட்சம் வரட்டும்னு பூட்டி வச்சிருக்கற வீடு

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயசு 52, தனியார் கம்பெனி, கைக்கு வர்ற சம்பளம் 78,000. திருச்சி வயலூர் ரோடு பக்கம் 2011ல ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேர்த்து 28 லட்சத்துக்கு வாங்கின தனி வீடு என் பேர்ல இருக்கு. வேலை சென்னைக்கு மாறினதால தாம்பரம் பக்கம் 62 லட்சத்துக்கு என் பேர்லயும் மனைவி பேர்லயும் ஃப்ளாட் வாங்கி ரிஜிஸ்டர் பண்ணி 10 மாசம் ஆச்சு. அதுக்கு ஹோம் லோன் 40 லட்சம் (8.75%), பர்சனல் லோன் 8 லட்சம் (14%), நகைக்கடன் 6 லட்சம் (11%). திருச்சி வீட்டை வித்து எல்லாத்தையும் அடைக்கலாம்னு பிளான். 95 சொல்லி 14 மாசமா விக்கல. 9 மாசம் முன்னாடி ஒருத்தர் 84 கேட்டார், மச்சான் வேண்டாம்னுட்டார், அடுத்த தெருவுல 95க்கு போச்சாம். இப்ப ஒரு டீச்சர் பேங்க் லோன் போட்டு 82க்கு கேக்கறாங்க. மச்சான் கூட்டிட்டு வந்த பார்ட்டி 90 தரேங்கறார், ஆனா 35 கேஷ், பத்திரம் 55க்குத்தான். போன மாசம் இஎம்ஐ கட்ட கிரெடிட் கார்டுல 60,000 எடுத்துட்டேன். என்ன பண்ணலாம்?

பதில்: சார், பட்டா, வில்லங்கம், வரி ரசீது எல்லாம் எடுத்து வைங்கன்னு நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, ஏற்கனவே ரெண்டு வீடு வாங்கி ரிஜிஸ்டர் பண்ணவர் நீங்க. உங்க பிரச்சினை 82ஆ 90ஆங்கறதே இல்ல. கடன் வாங்கி வட்டி கட்டிக்கிட்டே விலைக்காக காத்திருக்கீங்க பாருங்க, அதுதான். சொந்தக் காசுல காத்திருக்கறவன் ரெண்டு வருஷம் கூட காத்திருக்கலாம், நீங்க காத்திருக்க வாடகை குடுத்துட்டு இருக்கீங்க.

தோராயமா போடுவோம். 40 லட்சத்துக்கு மாச வட்டி 29,000 சொச்சம், பர்சனல் லோனுக்கு 9,300, நகைக்கு 5,500, ஆக 44,000. பூட்டின வீட்டுக்கு கரண்ட் மினிமம், வீட்டு வரி, அப்பப்ப பெருக்கித் துடைக்க ஆள்னு ஒரு 2,000 வச்சா 46,000. அசல் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அதை விடுங்க. 84 வேண்டாம்னு சொல்லி 9 மாசம் ஆச்சு, அதுலயே 4 லட்சத்துக்கு மேல போச்சு, இப்ப வந்திருக்கறதும் 82, ஆக அன்னைக்கு சொன்ன "வேண்டாம்"க்கு விலை 6 லட்சம்.

அடுத்த தெரு வீடு 95க்கு போச்சுன்னா அது எத்தனை சதுரடி, கார்னரா, ரோடு எத்தனை அடின்னு மச்சான் சொன்னாரா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார். நம்ம வீட்டு மாடிப்படிக்கு நாம போட்ட கிரானைட்டுக்கும், கிச்சன்ல போட்ட கப்போர்டுக்கும் நம்ம மனசுல ஒரு விலை இருக்கும், வாங்க வர்றவங்க சாயங்காலம் வந்து கார் நிறுத்த இடம் இருக்கான்னு பாத்துட்டு போயிடுவாங்க. 14 மாசத்துல 84 தாண்டி ஒயிட்ல, அதாவது முழுப் பணத்தையும் பத்திரத்துல காட்டி, ஒருத்தரும் கேக்கலன்னா உங்க வீட்டு விலை அந்த சுத்துவட்டாரம்தான்.

இப்ப நீங்க லெட்டர்ல எழுதியும் கவனிக்காம விட்ட விஷயத்துக்கு வரேன், எனக்கு இதுதான் பதட்டமா இருக்கு. ஃப்ளாட் ரிஜிஸ்டர் ஆகி 10 மாசம். பழைய வீட்டை விக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்குள்ள வேற வீடு வாங்கியிருந்தா, வித்த லாபம் அந்தப் புது வீட்டுக்குள்ள அடங்கினா, கேபிடல் கெயின் டாக்ஸ், அதாவது வித்த லாபத்துக்கான வரி, கிடையாது. உங்களுக்கு அடங்குது. ஆனா அந்த ஒரு வருஷம் முடிய ரெண்டே மாசம்தான் இருக்கு! அதுக்குள்ள கிரயப் பத்திரம் ரிஜிஸ்டர் ஆகணும், அக்ரிமென்ட் போட்டுட்டோம்னு நிம்மதியா இருக்காதீங்க.

தாண்டிட்டா என்ன ஆகும்? 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கின வீடுங்கறதால இன்டெக்ஸ் போட்டு (விலைவாசி ஏறினதுக்கு ஏத்தபடி வாங்கின விலையை கூட்டிக்கிட்டு) 20%, போடாம 12.5%, ரெண்டுல எது கம்மியோ அது கட்டலாம். 2011-12 இன்டெக்ஸ் 184, 2025-26க்கு 376, அப்படின்னா உங்க 28 லட்சம் 57 லட்சமா ஆகுது. 82க்கு வித்தா லாபம் 25, டாக்ஸ் செஸ்ஸோட 5 லட்சத்துக்கு மேல. 12.5 ரூட்ல போனா 7 லட்சம். இப்ப ரெண்டு மாசத்துக்குள்ள வித்தா பூஜ்யம்.

அப்ப இதை பாருங்க. ஆறு மாசம் கழிச்சு யாரோ ஒருத்தர் சுத்தமா ஒயிட்ல 90 தரார்னு வைங்க. டாக்ஸ் 6.8, ஆறு மாச வட்டி 2.8, மிச்சம் 80 சொச்சம். இன்னைக்கு 82ஐ விட கம்மி. சரி, கனவு பலிச்சு 95ஏ வந்தா? அதே கணக்குல 84 சொச்சம். ரெண்டு லட்சம் கூடுதலுக்காக இன்னும் ஆறு மாசம் கார்டுல தேய்ச்சு இஎம்ஐ கட்டப் போறீங்களா?

மச்சான் பார்ட்டி விஷயம். "55க்கு பத்திரம் போட்டா டாக்ஸே வராது"ன்னு சொல்லியிருப்பாங்க. மேல சொன்னதை பாத்தீங்கன்னா 82 ஒயிட்ல வித்தாலும் உங்களுக்கு டாக்ஸ் வரல, அப்ப அந்த கேஷால உங்களுக்கு என்ன மிச்சம்? மிச்சம் அவருக்கு. தமிழ்நாட்டுல பத்திரச் செலவு 9%, 35 லட்சத்தை மறைச்சா அவருக்கு 3 லட்சத்துக்கு மேல லாபம், கணக்குல இல்லாத பணமும் செலவாகிடும். மாட்டினா உங்களுக்கு? வீடு வித்த பணத்துல 20,000 அல்லது அதுக்கு மேல கேஷா வாங்கினா, வாங்கின தொகை எவ்வளவோ அவ்வளவே அபராதம் போட சட்டத்துல இடமிருக்கு, அதாவது 35 லட்சம். அந்த நோட்டுக்கட்டை வச்சு ஹோம் லோனை அடைக்கவும் முடியாது, சேவிங்ஸ் அக்கவுன்ட்ல வருஷத்துக்கு 10 லட்சம் கேஷ் போட்டாலே பேங்க் இன்கம்டாக்ஸுக்கு சொல்லிடும். மச்சான்கிட்ட சண்டை போட வேண்டாம், "ஆடிட்டர் ஒத்துக்கல மச்சான்"னு சொல்லிடுங்க, பழி அவர் மேல போகட்டும். அதுக்குத்தான் ஃபீஸ் வாங்கறார்.

டீச்சருக்கு இன்னைக்கே போன் போடுங்க. 83க்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, ஒத்துக்கலன்னா 82க்கே முடிங்க. லோன்ல வாங்கறவங்களுக்கு பேங்க் லீகல், வேல்யூவேஷன்னு சுலபமா மூணு நாலு வாரம் போயிடும். 2011ல அந்த வீட்டுக்கு லோன் போட்டிருந்தீங்கன்னா, லோன் முடிஞ்சும் வில்லங்கத்துல எம்ஓடி (பேங்க்ல பத்திரத்தை அடமானம் வச்ச பதிவு) அப்படியே நிக்குதான்னு பாருங்க, நிறைய பேருக்கு பத்திரம் கைக்கு வந்திருக்கும், சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ரசீது போட்டு அதை கேன்சல் பண்ணியிருக்க மாட்டாங்க. டீச்சரோட பேங்க் அங்கதான் நிறுத்தும், உங்ககிட்ட வீணாக்க வாரம் இல்ல. 50 லட்சத்துக்கு மேலங்கறதால 1% டிடிஎஸ் (முன்கூட்டியே புடிக்கற வருமான வரி) புடிச்சுத்தான் தருவாங்க, ரிட்டர்ன்ல வாங்கிக்கலாம். ஃப்ளாட் பத்திரத்தை ஒரு தடவை ஆடிட்டர்கிட்ட காட்டிடுங்க, ஜாயின்ட் பேருங்கறதால பணம் யார் போட்டதுன்னு அவர் பாக்கணும்.

பணம் வந்ததும் பேங்க்ல ஒரு தம்பி வருவார், ஹோம் லோன் 8.75 தானே சார், அடைக்காதீங்க, இந்த யூலிப்ல (இன்சூரன்ஸோட சேர்ந்த முதலீடு) போடுங்க, 12% வரும்னு. கடனை அடைச்சா 8.75% வட்டி உறுதியா மிச்சம், அந்த 12%ஐ எவனும் உறுதியா தர மாட்டான். அந்த வரியை மிச்சம் பண்ண வாங்கற கேபிடல் கெயின் பாண்டும் 5 வருஷ லாக், வட்டி 5.25தான், உங்களுக்கு தேவையே இல்ல. மூணு கடனையும் அடைச்சாலும் கையில 28 லட்சம் நிக்கும், அதை ஆறு மாசம் எஃப்டில போட்டுட்டு அப்புறம் எழுதுங்க, பேசலாம். ஃப்ளோட்டிங் ரேட் ஹோம் லோனுக்கு முன்கூட்டி அடைக்கற சார்ஜ் கிடையாது, பர்சனல் லோனுக்கு இருக்கலாம், கேட்டுக்குங்க.

டீச்சர் தர்ற அட்வான்ஸ்ல முதல்ல அந்த கார்டு 60,000த்தை கட்டிடுங்க.