வலப்பக்கத்தில் நடப்பது

அன்புள்ள ஐயா,

என் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் ஆறு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார், நான்தான் பார்த்துக்கொண்டேன். எல்லாம் முடிந்த மறுநாள் காலை, வெயில் முகத்தில் விழும்வரை தூங்கினேன். எழுந்தபோது எனக்குள் வந்த முதல் உணர்வு விடுதலை. அதற்காக என்னை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நான் அவர்மீது வைத்திருந்தது அன்பா, வெறும் கடமையா?

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டு, கடைசி நிலை ஏற்பு என்று படித்தேன். நான் அங்கே போய்ச் சேரவில்லை. ‘விட்டுவிடு’ என்கிறார்கள் நண்பர்கள். பிரக்ஞை ஒன்றே, தனித்தனி உடல்களாகத் தெரிவது மாயை, ஆகவே இழப்பும் மாயை என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். அது உண்மையென்றால் நான் எதற்காக அழுகிறேன்? அவர் நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பவர். அதைக் கேலிசெய்த நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன். இந்தச் சிறு பழக்கத்தைக்கூட விட முடியாதவளுக்கு விடுதலை எப்படிக் கிடைக்கும்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

என் அண்ணனைப் பற்றி எழுதத் தொடங்கி, மூன்று பக்கங்களுக்கு மேல் நகராமல் நின்றிருந்த நாட்களில் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே இதில் உங்களுக்குச் சொல்வது எது, எனக்கே சொல்லிக்கொள்வது எது என்று பிரிப்பது கடினம்.

முதலில் அந்த ஐந்து நிலைகளை ஒதுக்கிவைப்போம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அவற்றை எழுதியது, தீராத நோயால் தாமே இறந்துகொண்டிருந்தவர்களிடம் பேசிய பிறகு. தன் சாவை எதிர்கொள்பவரின் மனம் பற்றிய அவதானிப்பு அது. பின்னர் பொதுப்பேச்சில் அது, எஞ்சியவர்கள் ஒவ்வொன்றாக ஏறியாக வேண்டிய படிக்கட்டாகிவிட்டது. இல்லாத படிக்கட்டில் எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். சொற்பொழிவைப் பற்றியும் நீட்டிப் பேசமாட்டேன். பிரக்ஞை ஒன்றா பலவா என்ற கேள்விக்கு வாழ்வையே கொடுத்தவர்கள் உண்டு. அதை ஒரு மணிநேரம் கேட்டுவிட்டு வந்து உங்கள் கண்ணீரின்மேல் வழக்குத் தொடுக்காதீர்கள்.

‘விட்டுவிடு’ என்ற சொல்லை மட்டும் அப்படிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. உளப்பகுப்பாய்வின் முன்னோடி சிக்மண்ட் ஃப்ராய்ட் துக்கத்தைப் பற்றி 1917இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இறந்தவர்மீது வைத்த பற்றை, ஒவ்வொரு நினைவாக எடுத்து, மிகுந்த வலியோடு கழற்றுவதே துக்கத்தின் வேலை. அந்த வேலை முடிந்ததும் மனம் மீண்டும் சுதந்திரமாகிவிடும் என்றார். உங்கள் நண்பர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். 1920 ஜனவரியில் அவருடைய மகள் சோஃபி இன்ஃப்ளூயன்சா கண்டு இறந்தாள்; வயது 26. 1923இல் சோஃபியின் இளைய மகன், நான்கு வயதுச் சிறுவன், அவனும் இறந்தான். 1929இல், மகனைப் பறிகொடுத்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு ஃப்ராய்ட் ஒரு கடிதம் எழுதினார். இறந்துபோன தன் மகளுக்கு இன்று 36 வயது ஆகியிருக்கும் என்று அதில் சொல்கிறார். துயரத்தின் கூர்மை அடங்கும், ஆனால் ஆறுதல் கிடைக்காது, அந்த இடத்தை எது வந்தும் நிரப்பாது, அப்படி இருப்பதுதான் சரி, கைவிட மனமில்லாத அன்பைத் தொடர அது ஒன்றே வழி என்பது அக்கடிதத்தின் சாரம். கழற்றிவிடலாம் என்று எழுதிய அதே மனிதர், மகள் போய் ஒன்பது ஆண்டுகளாக அவள் வயதைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். அவரிடம் போய் ‘விட்டுவிடு’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

என் அண்ணனுக்குச் சிறுவயதிலேயே இடக்காது கேட்காது. அதனால் நான் எப்போதும் அவனுடைய வலப்பக்கத்தில் நடப்பேன். யாரும் சொல்லித்தரவில்லை. கூட்டத்தில் இடம் மாறிவிட்டால் அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றி மறுபடியும் வலப்பக்கம் வந்துவிடுவேன். அவனும் முகத்தைச் சற்றே என் பக்கம் சாய்த்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே கேட்கத் தொடங்கியவனைப்போல நடப்பான். கடைசி மாதங்களில் மற்றக் காதும் போயிற்று. ஒவ்வொரு சொல்லையும் தொண்டை வறளக் கத்தினேன். அவன் இறந்த அன்று மாலை என் தொண்டை ஓய்ந்திருப்பதை உணர்ந்தேன். அது சுகமாகவே இருந்தது. அந்தச் சுகத்துக்காக நான் வெட்கப்பட்ட காலம் உங்கள் இரண்டு ஆண்டுகளைவிட நீளமானது.

அவன் போய் 19 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் என்னோடு நடந்துவந்த இளம் நண்பர் ஒருவர், “ஏன் ஒவ்வொரு முறையும் சுற்றிக்கொண்டு என் வலப்பக்கமே வருகிறீர்கள்?” என்று கேட்டார். அப்படியே நின்றுவிட்டேன். அண்ணனை நினைக்காமலேயே வாரங்கள் கடந்ததுண்டு. அந்த வாரங்களிலும் என் கால்கள் அவனுடைய காதைத் தேடிப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

துண்டிக்கப்பட்ட கை இன்னும் இருப்பதாகவே உணர்பவர்களைப் பற்றி மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள்; 1871இல் சைலஸ் வெயர் மிட்செல் அந்த மாய உறுப்புக்குப் பெயரிட்டார். கை போன பிறகும் அதற்குரிய வரைபடம் மூளையில் எஞ்சுகிறது. சிலருக்கு இல்லாத கை இறுக மூடிக்கொண்டு, இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையில் குத்தும். 1990களில் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் அத்தகையவர்களைக் கண்ணாடி முன் அமர்த்தி, நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். நல்ல கையை விரித்தபோது சிலருக்கு மாயக் கையும் விரிந்தது, வலி தளர்ந்தது. கை அங்கேயே இருந்தது. முஷ்டி மட்டும் திறந்தது. நீங்கள் விடுதலை என்று எழுதிய இடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். உங்கள் நண்பர்களோ அந்தக் கையை இன்னொரு முறை வெட்டச் சொல்கிறார்கள்.

தமிழில் பற்று என்பது கணக்கேட்டில் கடன் பக்கம். ஆனால் நெற்றியில் இடும் மருந்தும் பற்றுதான். விளக்கை ஏற்றுவதும் உலோகத்தை இணைப்பதும் பற்றவைத்தல்தான். விட்டுவிடச் சொல்பவர்கள் கணக்கேட்டை மட்டுமே புரட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்தக் காலைத் தூக்கத்துக்கு வருகிறேன். ஆறு ஆண்டுகள் ஒவ்வோர் இரவும் அரைத்தூக்கத்தில், அவர் புரண்டால், இருமினால், மூச்சின் ஓசை மாறினால் எழுந்துகொண்ட உடல் உங்களுடையது. கேட்க வேண்டிய மூச்சு நின்றதும் அது தூங்கியது. அதை அன்புக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். அன்பா கடமையா என்று நீங்கள் பிரித்துக் கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. கடமைக்குச் செய்பவர்கள் இரவில் நன்றாகவே தூங்குவார்கள், அம்மா.

இன்னொரு வருத்தமும் உண்டு. நிலைகளுக்கும் மாயைக்கும் பிரக்ஞைக்கும் அவ்வளவு இடம் தந்த கடிதத்தில், உங்கள் கணவர் ஒரு மனிதராகத் தெரிவது ஒரே ஒரு வாக்கியத்தில். அதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். அவர் ஏன் நாளிதழைப் பின்னாலிருந்து படித்தார்? நீங்கள் கேலிசெய்தபோது என்ன பதில் சொல்வார்? முதல் பக்கத்துக்கு வந்து சேர்ந்ததும் தாளை எப்படி மடித்துவைப்பார்? அடுத்த கடிதத்தில் இதை எழுதுங்கள்.