படிக்க வைக்கிறவர்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கல்யாணமாகி இரண்டு வருடம். மனைவியை பி.எட். படிக்க வைக்கிறேன். இரண்டாம் வருடம், 16 வாரப் பயிற்சிக்காக இப்போது ஒரு பள்ளிக்குப் போய்வருகிறாள். எங்கள் வேலையில் பருவமே தலைகீழ். மார்கழிப் பனியில் ஐரோப்பாவின் கோடைக்கு டி-ஷர்ட் அனுப்புவோம். சித்திரை வெயிலில் அவர்கள் குளிருக்கு ஹூடி தைப்போம். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். மறுநாளிலிருந்து எங்களிடம் துணி வாங்கும் பையரின் போனும் ஒரு மணி நேரம் தள்ளி வரும். நான் வீடு சேரப் பத்து ஆகிவிடும். சரியாக அப்போதுதான் இங்கே ஐப்பசி மழை. துணி காய்வதில்லை, அவள் எழுதும் பாடக்குறிப்பு முடிவதில்லை. சமையலில் என்னால் முடிந்த உதவி செய்கிறேன். ஃப்ரிட்ஜில் அட்டவணை ஒட்டிப் பார்த்தோம், ஒரு வாரம்கூட ஓடவில்லை. இருவரும் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது. படிப்பை ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாமா? தமிழில் ஆறு பருவம் என்கிறார்களே, இன்றும் அது பொருந்துமா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம், மழையும் குளிரும் சேர்ந்த பருவம். உங்கள் கொடியில் காயாத துணியே சாட்சி, அது போதும். அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். படிப்பை நிறுத்தக் கூடாது. 16 வாரம் முழுசாக நாலு மாதம்கூட இல்லை. ஒரு ஷிப்மெண்டுக்கு உயிரை விடுகிறவர் இதற்குத் தாங்க மாட்டீர்களா?

கடிகாரச் சங்கதி எனக்குப் புதிது. லண்டனிலோ ஹாம்பர்க்கிலோ யாரோ முள்ளைத் திருப்ப, திருப்பூரில் ஒரு வீட்டில் ரசம் ஆறிப்போகிறது. இதைக் கதையாக எழுதலாம் நீங்கள்.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு சொல்லுக்காக. 'படிக்க வைக்கிறேன்.' சில மாதமாகவே அது என் காதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார், 'மருமகளைப் படிக்க வைக்கிறோம்' என்று. பாயசம் தொண்டையில் நின்றது. பிள்ளையைத் தூங்க வைக்கிறோம். குரங்கை ஆட வைக்கிறார்கள். உங்கள் மனைவி விடியுமுன் எழுந்து உங்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவார் என்று நினைக்கிறேன் (இல்லையென்றால் மன்னிக்கவும், அப்படியானால் உங்கள்மேல் மதிப்பு கூடுகிறது). 'என் வீட்டுக்காரரை நான்தான் வேலைக்குப் போக வைக்கிறேன்' என்று அவர் யாரிடமாவது சொல்லிக் கேட்டதுண்டா? ராத்திரி கண் விழித்து எழுதுவது அவர், பள்ளியில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்பது அவர், வினைச்சொல் மட்டும் உங்களுக்கா? 'உதவி'யும் இதே வீட்டுப் பிள்ளைதான். உங்கள் சோறு வேக நீங்கள் செய்வதற்கு உதவி என்றா பெயர்?

வைத்தவருக்கு எடுக்கவும் உரிமை இருப்பதாகத் தோன்றிவிடும். படிக்க வைத்த கைதான் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்கிறது. இரண்டு 'வை'யும் இலக்கணத்தில் வேறு என்று தமிழாசிரியர்கள் கிளம்பி வர வேண்டாம், எனக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் 'படிப்பிக்கிறார்' என்றால் பாடம் நடத்துகிறார் என்று அர்த்தம். அந்தக் கணக்கில் உங்கள் வீட்டில் படிப்பிக்கிறவர் அவர்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சொல்லை உங்களைவிட அதிகமாகச் சொன்னவன் நான்.

1988, கும்பகோணத்தில் வாடகைக்கு ஓர் ஓட்டு வீடு. என் மனைவி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் எம்.ஏ. சேர்ந்திருந்தார். தேர்வுக் கட்டணத்துக்கு டிடி எடுக்க நான் வங்கி வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். என் பங்கு மொத்தமே அவ்வளவுதான். 'சம்சாரத்தை எம்.ஏ. படிக்க வைக்கிறேன்' என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லியே பெரிய மனுஷன் ஆகிவிட்டேன்.

அந்த ஐப்பசியில் ஓடு விலகி ஒழுகியது. அடியில் பாத்திரங்களை வைத்தோம். பாத்திரம் இல்லாத இடமாகப் பார்த்து ஒழுகி, பாடப் புத்தகக் கட்டு நனைந்துவிட்டது. 'போகட்டும், அடுத்த வருஷம் எழுதிக்கலாம்' என்று சொல்லிவிட்டு நான் படுத்துவிட்டேன். ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்தது. அடுக்களையில் வெளிச்சம். தோசைக்கல்லை லேசாகச் சூடாக்கி இறக்கிவைத்து, அதன்மேல் தாள் தாளாகப் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார். ஓரம் சிவந்து சுருளப் போகும் நேரம் விரலால் சட்டென்று எடுத்துவிடுவார். கல்லின் எண்ணெய் ஏறி, மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது. நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். போய்ப் படுத்துக்கொண்டேன்.

அவர் தேறியபோது அலுவலகத்தில் எனக்குத்தான் கை கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். அல்வா வேறு வாங்கிக் கொடுத்தேன்.

பேச்சு குறைந்துவிட்டது என்கிறீர்களே, அதற்கு ஒன்று தோன்றுகிறது. பத்து மணிக்கு வந்ததும் அவர் நாளைக்குக் கட்டவேண்டிய புடவையைக் கொடியிலிருந்து எடுத்துத் தேயுங்கள். கம்பெனியில் அயர்னிங் செக்‌ஷன் இருக்கும், கற்றுக்கொள்ளக் கஷ்டமில்லை. ஈரப் புடவைக்கு அரை மணி நேரமாவது ஆகும். கரையோரம் ஈரம் லேசில் போகாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதட்டும். பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் புடவை காயும்.

உங்கள் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு என்ன பாடம்?" என்றார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். ஹூடி இருக்கிறது, பையர் இருக்கிறார், மழை இருக்கிறது. கணக்கா, அறிவியலா, தமிழா என்று எங்கேயும் இல்லை.

அதை எழுதுங்கள். 'அவரையே எழுதச் சொல்லுங்கள்' என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன். என் மின்னஞ்சல் முகவரி அவர் கண்ணில் படும்படி எங்காவது இருக்கட்டும். ஃப்ரிட்ஜில் இப்போது இடம் இருக்குமே.